எச்சரிக்கையின் வாயைப் பொத்தலாமா?

வீட்டுக்குப் புதுப்பொருள் ஒன்று வந்து இறங்கும் நாள் ஒரு சிறு திருநாளுக்கு ஒப்பானது. முன்னொரு காலத்திலே வானொலிப் பெட்டி வந்தது. அதன் பின்னர் தையல் இயந்திரம் வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்தது. இன்றோ பல வீடுகளிலே பிள்ளைகளின் அறைக்குள் 'கேமிங் பீசி' என்று அவர்கள் அழைக்கும் விளையாட்டுக் கணினி வந்து அமர்கின்றது. ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே வர்ண விளக்குகள். சுழலும் விசிறிகள் நாலைந்து. பெற்றோர் அதனை ஒருவகை அச்சத்தோடும், பிள்ளைகள் ஒருவகைப் பக்தியோடும் நோக்குகின்றனர்.

திருநாள் முடிந்து மூன்றாம் நாள் அக்கணினி "எனக்குச் சுடுகின்றது, எனக்குச் சுடுகின்றது" என்று திரையில் எழுதி முறையிடத் தொடங்கினால் அவ்வீட்டிலே என்ன நிகழும்? இவ்வாரம் இதனைப் பற்றியே எழுத எண்ணுகின்றேன். நிகழ்ந்தது என் தமக்கையார் வீட்டில். தவறியவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் பிறரைக் குறை கூறினேன் என்ற பழி எனக்கு வாராது.

அத்தான் தபாலதிபராய் இருந்து இளைப்பாறியவர். அவருடைய ஒரே மகன், என் மருமகன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவன். கணினியிலே முப்பரிமாண உருவங்களை வரையும் கலையைப் பயில வேண்டும் என்பது அவன் விருப்பம். இடையிடையே விளையாட வேண்டும் என்பதும் அவன் விருப்பமே. அதனை அவன் மறைத்ததில்லை. வேறு செலவுகளுக்கென வைத்திருந்த பணிக்கொடையிலே ஒரு பங்கை எடுத்து, அத்தான் அவன் கையிலே கொடுத்தார். கொழும்பிலுள்ள ஒரு கடையிலிருந்து உறுப்புகள் தனித்தனிப் பெட்டிகளாய் வந்து சேர்ந்தன. பூட்டித் தருவதற்கு வேறாகக் கூலி கேட்டமையால், "நானே பூட்டுவேன்" என்றான் பையன். படங்களைப் பார்த்துப் பார்த்து இரண்டு இரவுகளிலே பூட்டியும் முடித்தான். விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுழன்றன, அக்கா பால் காய்ச்சிப் பரிமாறினார்.

ஐந்தாம் நாள் எனக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, நீ ஒருக்கால் வந்து பார். தகப்பனும் மகனும் இரண்டு நாளாய் முகம் பார்த்துப் பேசவில்லை" என்றார் அக்கா.

நான் போனபோது அத்தான் விறாந்தையிலே பத்திரிகையை விரித்தபடி இருந்தார், வாசித்தாரல்லர். "தம்பி, இரவிரவாக விளையாட்டு. இயந்திரம் எரியாமல் என்ன செய்யும்? முழுதாய் எரிந்து போகமுதல் வந்த விலைக்கு விற்றுவிட்டு, மிஞ்சுகிற காசை வங்கியிலே போடுவதுதான் புத்தி" என்றார். குரலிலே கோபத்தைக் காட்டிலும் துயரமே மிகுந்திருந்தது. அறைக்குள்ளே பையன் தலை நிமிராது இருந்தான். தன் பிழை என்று அவன் நம்பினான். ஆனால் எது பிழை என்று அவனுக்குத் தெரியவில்லை. இவ்விரண்டும் ஒருங்கு சேர்ந்தால் ஒரு பிள்ளையின் மனம் படும் பாடு ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

கணினியை இயக்கிப் பார்த்தேன். செயலி என்பது கணினியின் மூளை போன்ற சிறு வில்லை. 'சிபியு' என்பதும் அதுவே. அதன் உள்ளேயே வெப்பத்தை அளக்கும் உணரிகள் உள்ளன. அறையின் வெப்பநிலை அப்போது 32 செல்சியஸ் பாகை. ஒரு வேலையும் செய்யாது சும்மா இருக்கும்போதே செயலி 62 பாகையைக் காட்டிற்று. ஒரு விளையாட்டைத் தொடங்கிய மூன்று நான்கு செக்கன்களிலே 100 பாகைக்குப் பாய்ந்தது. படம் திக்கித் திக்கி அசைந்தது. சிறிது நேரத்திலே கணினி தானாகவே அணைந்தது. மீண்டும் இயக்கியபோது, செயலியின் வெப்பம் எல்லை மீறியது என்ற எச்சரிக்கை திரையிலே தோன்றிற்று.

"இதற்கு முன்னர் வேறேதாவது எச்சரிக்கை வந்ததா?" என்று கேட்டேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "முதல் நாளே ஒன்று வந்தது, மாமா. செயலியின் விசிறி சுழலவில்லை என்று சொன்னது. ஆனால் விசிறி என் கண் முன்னே சுழன்றுகொண்டிருந்தது. சிநேகிதன் ஒருவன், அந்த எச்சரிக்கையைப் 'பொருட்படுத்தாதே' என்று மாற்றிவிட ஓரிடம் இருக்கிறது என்றான். மாற்றிவிட்டேன். அதன் பிறகு வரவில்லை" என்றான்.

வாசகர்களே, இவ்விடத்திலே சற்று நிற்க வேண்டும். விசிறி சுழல்வதைப் பையன் கண்டது உண்மை. சுழலவில்லை என்று கணினி சொன்னதும் தன்னளவிலே உண்மை. கணினிக்குக் கண் இல்லை. தாய்ப்பலகையிலே 'சிபியு ஃபான்' என்று பெயர் பொறித்த ஒரு செருகுமுனை உண்டு. அம்முனையிலே செருகப்பட்ட விசிறி நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதை அதன் கம்பிகளுள் ஒன்று எண்ணிச் சொல்லும். பையன் செயலியின் விசிறியைக் கூட்டுக்குரிய விசிறிகளின் முனையொன்றிலே செருகியிருந்தான். ஆகவே உரிய முனையிலே எண்ணிக்கை பூச்சியம். கணினி கூவியது. அதன் வாயைப் பொத்தினான் பிள்ளை.

இதனால் வேறொரு தீங்கும் விளைந்தது. உரிய முனையிலே செருகிய விசிறி, செயலி சூடேறும்போது விரைந்து சுழலும். பையன் செருகிய முனையோ தாய்ப்பலகையின் வெப்பத்தைப் பார்த்து வேகத்தை நிர்ணயிப்பது. செயலி கொதிக்கையிலும் விசிறி ஆறுதலாகவே சுழன்றுகொண்டிருந்தது.

கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றி, விசிறியை உரிய முனைக்கு மாற்றினேன். எச்சரிக்கையையும் மீண்டும் பேச விட்டேன். சும்மா இருக்கும்போது 62 ஆக இருந்த வெப்பநிலை 57 ஆகக் குறைந்தது. "கண்டீர்களா, நோய் தீர்ந்தது" என்று அத்தானுக்கு அறிவித்தேன். எச்சரிக்கையை அடக்குவதன் தீமை பற்றி மருமகனுக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் தொலைபேசி. "தம்பி, திரும்பவும் அணைந்துபோய்விட்டது. அத்தான் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க எழுதிக்கொண்டிருக்கிறார்" என்றார் அக்கா.

என் தவறு இதுதான்: ஒரு பிழையைக் கண்டதும், அதுவே ஒரே பிழை என்று எண்ணித் தேடலை நிறுத்தினேன். ஐந்து பாகை குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தேனேயன்றி, குறைய வேண்டியது எவ்வளவு என்று கேட்கவில்லை. வகுப்பிலே மாணவர் இவ்வாறு செய்தால் நான் சும்மா விடுவேனா?

மறுநாட் காலை மீண்டும் சென்றேன். இம்முறை கைகளுக்கு முன்னர் அறிவுக்கு வேலை கொடுப்பது என்று தீர்மானித்தேன். செயலியிலே பிறக்கும் வெப்பம் வெளியேறுவதற்கு மூன்று படிகள் உள்ளன. செயலியிலிருந்து அதன் மேல் அமர்ந்துள்ள குளிர்விப்பானின் செப்பு அடித்தளத்துக்குச் செல்வது முதற்படி. அங்கிருந்து வெப்பக் குழாய்கள் வழியே மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு ஏறி, விசிறிக் காற்றோடு கலப்பது இரண்டாம் படி. அச்சூடான காற்று கூட்டை விட்டு வெளியேறி, புதுக்காற்று உள்ளே வருவது மூன்றாம் படி. எந்தப் படியிலே அடைப்பு?

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கிணற்றிலிருந்து இறைத்த நீர் வாய்க்கால் வழியே பாத்திக்கு ஓடுகின்றது. வாய்க்காலின் கடைசியிலே அடைபட்டால் நீர் மெல்ல மெல்ல ஏறி, நெடுநேரத்தின் பின்னரே கரை வழியும். இறைத்து ஊற்றும் வாயடியிலேயே அடைபட்டால் ஊற்றிய கணத்திலேயே வழியும். வெப்பமும் அவ்வாறே. கூட்டுக்குள் காற்றோட்டம் குறைவாயின், பத்து இருபது நிமிடங்களிலே வெப்பநிலை படிப்படியாய் ஏறும். செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள தொடுகை கெட்டிருந்தால், வேலை தொடங்கிய சில செக்கன்களிலேயே உச்சிக்குப் பாயும். நம் கணினி மூன்று நான்கு செக்கன்களிலே பாய்ந்ததே! இது முதல் நாளே என் கண்ணிற் பட்ட செய்தி. கண்ணிற் பட்டது, கருத்திற் படவில்லை.

உறுதி செய்துகொள்வதற்காக ஒரு சிறு பரிசோதனையும் செய்தோம். கூட்டின் கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றிவிட்டு, அக்காவின் மேசை விசிறியை எதிரே வைத்து ஓடவிட்டோம். காற்றோட்டமே குறை என்றால் வெப்பநிலை பெரிதும் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு பாகையே இறங்கிற்று. ஆகவே மூன்றாம் படியிலே குற்றமில்லை. வெப்பம் செயலியை விட்டுப் புறப்படவே இல்லை.

மின்செருகியைக் கழற்றிவிட்டு, குளிர்விப்பானின் திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாய்த் தளர்த்தினோம். மேலே இழுக்காது, இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி எடுத்தோம். அடித்தளத்தைத் திருப்பிப் பார்த்தபோது செப்பின் மேல் ஏதோ ஒளிர்ந்தது. நகத்தாற் கிளப்பினேன். மெல்லிய, கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தாள் ஒன்று உரிந்து வந்தது. செப்பிலே கீறல் விழாதிருக்கத் தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பும் தாள் அது. பூட்டுவதற்கு முன் உரித்தெடுத்திருக்க வேண்டும். அதன் ஓரத்திலே ஏதோ மிகச் சிறிய எழுத்துகள்.

அத்தான் எப்போது எழுந்து வந்து எங்கள் பின்னே நின்றார் என்று எனக்குத் தெரியாது. "இங்கே தா" என்று அத்தாளை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, யன்னல் வெளிச்சத்திலே பிடித்து, "பாவிக்கமுதல் அகற்றவும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது" என்றார்.

பையன் நடுங்கிய குரலிலே, "நான் பார்க்கவில்லை, அப்பா. இரவிலே பூட்டினேன். முதல் வந்த எச்சரிக்கையையும் நான்தான் அடைத்து வைத்தேன். உங்களுக்குச் சொல்லப் பயமாய் இருந்தது" என்றான்.

அத்தான் அத்தாளை இரண்டாய் மடித்தார். "முப்பத்தைந்து வருஷம் ஊராருடைய பொதிகளின் மேல் எழுதியிருந்ததையெல்லாம் வாசித்தேன். என் வீட்டுக்கு வந்த பொதியை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை. நீ விளையாடித்தான் எரித்தாய் என்று விறாந்தையிலே இருந்துகொண்டே தீர்ப்புச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். பின்னர் கடைக்குப் போய் வெப்பப் பசை வாங்கி வருவதற்குச் சைக்கிளை எடுத்தவர் அவரே.

இவ்வளவு மெல்லிய தாளினால் இத்தனை கேடு விளையுமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். பௌதிகம் பயிலும் மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். தாளின் தடிப்பு 0.05 மில்லிமீற்றர் என்றும், தொடும் பரப்பு 10 சதுர சென்ரிமீற்றர் என்றும், ஊடே செல்ல வேண்டிய வெப்பம் 100 வாற்று என்றும் கொள்வோம். இத்தகைய பிளாஸ்ரிக்கின் வெப்பக் கடத்தாறு நியம அலகிலே ஏறக்குறைய 0.2. விடை: அத்தாள் ஒன்றைக் கடப்பதற்கு மட்டும் 25 பாகை வெப்பநிலை வேறுபாடு வேண்டும். செப்பின் கடத்தாறோ ஏறக்குறைய 400. அதே தடிப்பிலே செப்புத் தகடு இருந்திருப்பின், ஒரு பாகையின் எண்பதில் ஒரு பங்கே போதும். தாளின் சுருக்கங்களிலே சிக்கியிருந்த காற்று தாளினும் கேடானது. காற்றின் கடத்தாறு 0.026 மட்டுமே. உலோகங்களின் நடுவிலே நாம் பசை இடுவதும் இதன் பொருட்டே. கண்ணுக்குத் தெரியாத நுண்பள்ளங்களிலுள்ள காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புவதே பசையின் தொழில்.

பழைய பசையை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த, நூல் உதிராத துணியினால் துடைத்தோம். செயலியின் நடுவிலே பட்டாணியளவு புதுப்பசை வைத்தோம். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றிச் சமமாய் இறுக்கினோம். இயக்கியபோது, சும்மா இருக்கையில் 44 பாகை. இருபது நிமிடம் விளையாடச் சொன்னேன், மருமகன் தயங்கினான், அத்தானே "விளையாடு, பார்ப்போம்" என்றார். 79 பாகைக்கு மேல் ஏறவில்லை.

இனி, இத்தகைய கணினி வைத்திருக்கும் வீட்டார் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கின்றேன்.

எவ்வளவு சூடு மிகையான சூடு? விளையாடும்போது 70, 80 பாகை காட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. மனித உடலுக்கு 40 பாகை கடுங்காய்ச்சல். செயலிக்கு அது இளவேனில். 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறை இன்ரெல் மேசைக்கணினிச் செயலிகளிற் பலவற்றுக்கு எல்லை 100 பாகை. 2022ஆம் ஆண்டிலே வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசைச் செயலிகளிற் பல, முழு வேலையின்போது 95 பாகை வரை சென்று அங்கேயே நின்று உழைக்குமாறு வடிவமைக்கப்பட்டவை. ஆகவே எண்ணைக் கண்டதும் பதறாது, உங்கள் செயலியின் எல்லை யாது என்பதை அதன் பெயர் கொண்டு தயாரிப்பாளரின் விபரக்கொத்திலே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லையை எட்டினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் கணினி அணைந்துவிடும். இது பழுதன்று, தற்காப்பு. 2001ஆம் ஆண்டளவிலே விற்பனையில் இருந்த சில செயலிகளுக்கு இத்தகைய தற்காப்பு இருக்கவில்லை. குளிர்விப்பானைக் கழற்றினால் சில கணங்களிலே புகைந்து மாய்ந்தன. இக்காலத்துச் செயலி திரும்பத் திரும்ப அணைந்து எரிச்சலூட்டினால், தன் உயிரையும் உங்கள் பணத்தையும் அது காத்துக்கொண்டிருக்கின்றது என்று எண்ணுங்கள்.

ஊரின் வெப்பத்தையும் மறக்கலாகாது. குளிர்விப்பான் எத்துணைச் சிறந்ததாயினும், காற்றினாற் குளிர்விப்பது அறைக்காற்றினும் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுவர இயலாது. இலண்டனிலே 20 பாகை அறையில் 67 காட்டும் கணினி, நம் நாட்டிலே 32 பாகை அறையில் ஏறக்குறைய 79 காட்டும். வெளிநாட்டார் சொல்லும் எண்களை நம் வீட்டு எண்களோடு ஒப்பிட்டு ஏங்க வேண்டியதில்லை. விளையாட்டுக் கணினி கடுமையாய் உழைக்கும்போது 300 முதல் 500 வாற்று வரை மின்சாரம் கொள்வது சாதாரணம். அஃது அத்தனையும் ஈற்றிலே வெப்பமாகி அந்த அறைக்குள்ளேயே விழும். உடுப்பு அழுத்தும் மின்னழுத்தி ஒன்றினை அரைவாசிச் சூட்டிலே அறைக்குள் வைத்திருப்பதற்கு ஒப்பு. ஆகையால் யன்னலைத் திறந்து வையுங்கள். கணினியை அலுமாரிக்குள்ளும் திரைச்சீலையின் பின்னும் ஒளித்து வைக்காதீர்கள். சுவருக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நிலத்திலே வைத்தால் புழுதியைக் குடிக்கும். சிறு பலகையின் மேல் ஏற்றி வைத்து, தூசு வடிகளை மாதம் ஒருமுறை துப்புரவு செய்யுங்கள்.

விசிறிகளின் திசையையும் பாருங்கள். சாதாரண கூட்டு விசிறியின் ஒரு பக்கம் திறந்திருக்கும். மறுபக்கத்திலே நடுவைத் தாங்கும் சட்டங்கள் இருக்கும். காற்று திறந்த பக்கத்தால் நுழைந்து சட்டமுள்ள பக்கத்தால் வெளியேறும். முன்புற விசிறிகள் உள்ளிழுக்கவும், பின்புறத்தனவும் மேற்புறத்தனவும் வெளித்தள்ளவும் அமைத்தல் வழக்கம். எல்லாம் உள்ளிழுத்தாலும் இடர், எல்லாம் வெளித்தள்ளினாலும் இடர். நீரினாற் குளிர்விக்கும் வகையாயின், நீரை ஓட்டும் பம்பியின் கம்பி செருகப்பட்டதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும். பம்பி ஓடாவிடின் விசிறிகள் எத்தனை சுழன்றும் பயனில்லை.

வெப்பத்தோடு தொடர்பில்லாத தொடக்கச் சிக்கல்களும் சில உண்டு. இவற்றுக்கும் பழுதென்று அஞ்சிக் கடைக்கு ஓடுவோர் பலர்.

முதன்முறை இயக்கும்போது திரை இருண்டே இருக்கலாம். 'டி.டி.ஆர்.5' என்னும் புதுவகை நினைவகம் பொருத்திய கணினி, முதன்முறை அந்நினைவகத்தைப் பரிசோதித்துப் பழக்கிக்கொள்வதற்குச் சில நிமிடங்கள் எடுப்பதுண்டு. பொறுமையிழந்து அணைத்தால், அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கால்மணி நேரம் காத்திருத்தல் நன்று.

விலை கொடுத்து வாங்கிய வரைவியல் அட்டை இருந்தும் விளையாட்டு ஆமை வேகத்தில் நகர்ந்தால், திரையின் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள். கூட்டின் பின்புறத்திலே தாய்ப்பலகைக்குரிய துளையும் உண்டு; அதற்குக் கீழே வரைவியல் அட்டைக்குரிய துளைகளும் உண்டு. கம்பி அட்டையிலே இருக்க வேண்டும். இந்த ஒரு பிழையினாலே, வாங்கிய அட்டையைப் பயன்படுத்தாமலே மாதக்கணக்கில் இருப்பாரும் உளர்.

செக்கனுக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்க வல்ல மொனிற்றரை வாங்கி வைத்திருப்பினும், விண்டோசு அதனை 60 முறையிலேயே ஓட்டிக்கொண்டிருத்தல் கூடும். திரைக்குரிய அமைப்பிலே சென்று நாமே மாற்ற வேண்டும். நினைவகமும் அவ்வாறே. பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாக வருவதில்லை. 'பயோஸ்' என்னும் அடிப்படை அமைப்பிலே, இன்ரெல் வகைக்கு 'எக்ஸ்.எம்.பி.' என்றும் ஏ.எம்.டி. வகைக்கு 'எக்ஸ்போ' என்றும் பெயருள்ள தெரிவை இயக்க வேண்டும். இயக்கிய பின் கணினி இடையிடையே நின்றுபோனால், அத்தெரிவை நீக்கிப் பார்த்துப் பின்னரே வேறு காரணம் தேடுக.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோற்று. கணினியின் மூன்றுமுனைச் செருகியிலே மூன்றாவது முனை அலங்காரத்துக்கு வைத்ததன்று. நிலத்தோடு இணைப்பதற்கு வைத்தது. கூட்டைத் தொட்டால் கையிலே சுரீர் என்று உணர்ந்தால், உடனே நிறுத்திவிட்டு வீட்டின் மின்னிணைப்பைத் தகுதியுள்ளவர் ஒருவரைக் கொண்டு பரிசோதியுங்கள். மின்னலும் இடியும் வரும் வேளையிலே செருகியைக் கழற்றி வைப்பது எக்காலத்துக்கும் பொருந்தும் புத்தி.

இவை யாவற்றுக்கும் மேலாகப் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரவிரவாய் விளையாடுவது பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும், பரீட்சையைக் கெடுக்கும், ஒழுங்காய்ப் பூட்டிய கணினியைக் கெடுக்காது. பலமணி நேரம் உழைப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. பிள்ளை விளையாடும் நேரத்தைக் குறைக்க விரும்பினால் நேராய்ச் சொல்லிக் குறையுங்கள். கணினியின் பழுதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். பழுதின் உண்மைக் காரணம் ஒருநாள் வெளிப்படும். அன்று உங்கள் மற்றச் சொற்களும் மதிப்பிழக்கும்.

மாணவருக்கும் ஒன்று சொல்வேன். எச்சரிக்கை ஒன்று தோன்றினால் அதனை நிறுத்தும் வழியைச் சிநேகிதரிடம் கேட்பதற்கு முன், அது ஏன் தோன்றிற்று என்று கேளுங்கள். ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றமுன் இருந்த எண்ணையும் மாற்றிய பின் வந்த எண்ணையும் கொப்பியிலே எழுதுங்கள். ஒரு பிழை அகப்பட்டதும், உங்கள் மாமாவைப் போல, தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். விளங்காவிட்டால் வீட்டிலே சொல்லுங்கள். சொல்லப் பயந்து மூடி வைத்த சிறு பிழைதான் அவ்வீட்டிலே இரண்டு நாட் பேச்சை நிறுத்திற்று.

சென்ற ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கணினியின் மேலே, கண்ணாடிப் பக்கத்தின் ஒரு மூலையிலே, மடிப்பு விழுந்த சிறு பிளாஸ்ரிக் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை. திரையிலே பாதி வரைந்த ஒரு கிராமத்துத் தபாற்கந்தோர் நின்றது. அத்தான் பக்கத்திலே கதிரை போட்டு அமர்ந்து, "முத்திரை விற்கும் யன்னல் இடப்பக்கம் வர வேண்டும்" என்று திருத்திக்கொண்டிருந்தார்.